ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வெள்ளிமலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நீ எழுதி ஜெராக்ஸ் போட்ட கேரம் கையேட்டை உன் அப்பா கொண்டுவந்து கொடுத்தார். ஆட்ட விதி, புள்ளிக் கணக்கு, உட்காரும் முறை எல்லாம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவற்றைச் சரியாகவே எழுதியிருக்கிறாய். ரெட்டுக்கு ஃபாலோ போடுவதை விளக்க நீ வரைந்த படத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தேன். ஏழாம் பக்கத்துக்கு வந்ததும் கையேட்டை மூடிவிட்டேன். மறுநாள்தான் திரும்ப எடுத்தேன்.

"ஸ்னூக்கர், பூல் ஆடுகிறவர்களுக்குச் சாக் எப்படியோ, கேரம் ஆடுகிறவர்களுக்குப் பவுடர் அப்படி. காய் ஓடவில்லை என்றால் தாராளமாகத் தூவுங்கள்." இப்படி எழுதியிருக்கிறாய். இருப்பது இரண்டே வாக்கியம், இரண்டும் தப்பு. முதல் வாக்கியம் பொருளைத் தலைகீழாகச் சொல்கிறது. இரண்டாவது வாக்கியம் பிள்ளைகளின் கையைக் கெடுக்கிறது. மற்றப் பக்கங்களை யாரும் மறந்துபோகலாம். "தாராளமாக" என்ற சொல்லை மட்டும் எந்தப் பிள்ளையும் மறக்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நீ சென்னையில் படித்த நாளில் பூல் மேசைப் பக்கம் போய்வந்தவள். சாக்கை எப்படித் தேய்க்கிறார்கள் என்று பார்த்திருக்கிறாய். எதற்குத் தேய்க்கிறார்கள் என்பதையும் யோசித்திருக்கலாம். கியூ கோலின் முனையில் ஒட்டியிருப்பது தோல். ஸ்னூக்கர் கோலில் அது ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர் அகலம், பூல் கோலில் பன்னிரண்டு பதின்மூன்று. அந்தத் தோல் பந்தைத் தொடும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. பந்தின் நடுவில் அடித்தால் கவலையில்லை. சுழற்சி வேண்டுமென்று ஓரத்தில் அடிக்கும்போது வழவழப்பான பந்தின் மேல் தோல் சறுக்கிவிடும். டொக் என்று ஒரு சத்தம் வரும், பந்து எங்கோ போகும். மிஸ்க்யூ என்பார்கள். அந்தச் சறுக்கலைத் தடுக்கத்தான் சாக். அதன் வேலை பிடித்து நிறுத்துவது. அதற்கும் எல்லை உண்டு. பந்தின் நடுவிலிருந்து ஆரத்தில் பாதி தூரம்வரைதான் அந்தப் பிடிப்பு நிற்கும். அதற்கு அப்பால் எவ்வளவு சாக் தேய்த்தாலும் கோல் சறுக்கும்.

நம் பவுடரின் வேலை இதற்கு நேர் எதிர். எதையும் பிடிக்காமல் விட்டுவிடுவதுதான் அதன் குணம். உராய்வைக் கூட்டும் ஒன்றையும் குறைக்கும் ஒன்றையும் "அப்படி", "இப்படி" என்று ஒரே வரியில் கட்டிவைத்தால், பள்ளியில் இயற்பியல் படிக்கிற பிள்ளை எதை நம்பும்? பூல் மேசையில் நம் பவுடருக்கு உறவு தேடுகிறாய் என்றால் அது சாக் கட்டியில் கிடையாது. கோலைத் தாங்கும் இடது கையில் வியர்வை ஒட்டாமலிருக்கச் சிலர் டால்கம் பவுடர் பூசுவார்கள். அதுதான் நமக்குச் சொந்தம். அதையும் அளவு மீறிப் பூசுகிறவரை நல்ல கிளப்பில் மேசைப் பக்கமே விடமாட்டார்கள். பச்சைத் துணி முழுக்க வெள்ளைக் கைத்தடம் விழுந்துவிடும்.

இதையும் தெரிந்துகொள். அந்தச் சாக் கட்டி பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் கிடையாது. ஒரு காலத்தில் உண்மையான சுண்ணாம்புக் கட்டியைத்தான் தேய்த்தார்கள். அதுவும் இல்லாவிட்டால் சுவரின் காரையில் கோல் முனையைத் திருகியவர்கள் உண்டு. சிகாகோவின் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியல்காரரும், வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரும் சேர்ந்து புதுக் கலவை ஒன்றைக் கண்டுபிடித்து, 1897 மார்ச் 9-ஆம் தேதி காப்புரிமை வாங்கினார்கள். சிலிக்காவோடு குருந்தம் போன்ற கடினமான அராவுபொருளைச் சேர்த்து, சாயம் கலந்து அழுத்திய கட்டி அது. பச்சை, நீலம் என்று இன்று கடையில் கிடைப்பதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். ஓர் ஆட்டக்காரருக்கு இருந்த எரிச்சலும் ஒரு வேதியியல்காரரின் பொறுமையும் சேர்ந்து பிறந்த பொருள் என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஸ்னூக்கர் ஆட்டமே இந்த நாட்டில்தான் பிறந்தது. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற படை அதிகாரி அதைத் தொடங்கினார். அவர் பின்னர் ஊட்டிக்கு மாற்றலாகி வந்தபோது, அங்கிருந்த கிளப்பில்தான் விதிகளை எழுதி பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டினார்கள். நம் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் 2025-ல் தோஹாவில் அதே ஆட்டத்தில் உலகப் பட்டம் வாங்கினார். அந்த ஆட்டத்தை நீ கையேட்டில் இழுத்ததில் எனக்கு வருத்தமே கிடையாது. இழுத்தால் சரியாக இழு என்கிறேன்.

சாக் பிடிக்கிறவர்களிடம் நாம் கற்கவேண்டியது ஒன்று இருக்கிறது. அதை நீ விட்டுவிட்டாய். நல்ல ஆட்டக்காரர் கட்டியைக் கோலின்மேல் வைத்துத் திருகமாட்டார். திருகினால் கட்டியின் நடுவில் குழி விழும். பிறகு அந்தக் குழியின் விளிம்பு கோலின் பித்தளைப் பூணைத்தான் தேய்க்கும், தோலின் ஓரத்தில் சாக்கே படாது. கட்டியைச் சாய்த்துப் பிடித்து, கோலை மெல்லச் சுற்றிக்கொண்டே, மேலோட்டமாக இழுத்துவிடுவார். முனை முழுக்க ஒரே சீராக மூடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். கட்டியைக் கீழே வைக்கும்போது தேய்க்கும் பக்கம் மேலே பார்த்திருக்கும். கவிழ்த்து வைத்தால் மேசை ஓரமெல்லாம் பொடியாகும், அங்கே சட்டை படும், பிறகு துணி முழுக்கப் பரவும். பந்தில் ஒட்டிய ஒரு துகள் சாக், இரண்டு பந்து மோதும் இடத்தில் மாட்டினால் போதும். பந்து துள்ளிக் கோணம் மாறிவிடும். கிக் என்று சொல்லி, உலகத் தரத்து ஆட்டக்காரர்களே நடுவரைக் கூப்பிட்டுப் பந்தைத் துடைத்துத் தரச் சொல்கிறார்கள். தனக்கு உதவுகிற பொருள் எங்கே இருக்கவேண்டும், எங்கே இருக்கக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். நம் ஆட்கள் பவுடர் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்க்கிறார்கள். உன் கையேட்டின் படத்தில் நீயும் அதைத்தான் செய்கிறாய். பேஸ் லைன் முழுக்க வெள்ளை வெளேரென்று கிடக்கிறது, பக்கத்தில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இனி பவுடரைப் பற்றிச் சொல்கிறேன்.

நாம் மெடிக்கல் ஷாப்பில் வாங்குவது போரிக் ஆசிட் பொடி. உலகின் போரான் கனிமத்தில் பெரும்பங்கு துருக்கி நிலத்தில் இருக்கிறது. அந்தப் பொடி ஏன் வழுக்குகிறது என்பதற்குக் காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. மூலக்கூறுகள் தட்டையான ஏடுகளாக அடுக்கியிருக்கும். ஒவ்வோர் ஏட்டுக்குள்ளும் பிணைப்பு உறுதியானது, ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவில் இருக்கும் பிணைப்போ பலவீனமானது. பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுக்கட்டு சரிவதுபோல் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். இயந்திரங்களின் உராய்வைக் குறைக்க இதையே பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு விஷயம் தானாகப் புரியும். நழுவுவதற்கு ஏடு வேண்டும், குவியல் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று பலகையில் இருந்தால் வேலை முடிந்தது. அதற்கு மேல் கொட்டும் ஒவ்வொரு சிட்டிகையும் இடைஞ்சல்தான்.

கொட்டினால் என்ன ஆகும்? முதல் பத்து நிமிடம் ஸ்டிரைக்கர் பறக்கும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். பிறகு ஓடுகிற காயின் விளிம்புக்கு முன்னால் பொடி ஒதுங்கும். மெதுவாக வரும் காய் அதில் ஏறி அரை விரற்கடை விலகும். ஐந்து கிராம் எடையுள்ள காய்க்கு அந்த மேடு பெரிய மேடு. ஓரக்கட்டையின் அடியில் சேர்ந்த பொடியால் ரீபவுண்ட் சோம்பும், குழி வாயில் தேங்கிய பொடியில் காய் தொங்கி நிற்கும். விரல் வியர்வையும் தூசும் பொடியும் சேர்ந்து பேஸ் லைன் பக்கம் கருப்புப் பட்டையாக அடையும். அதன்மேல் இன்னும் பவுடர் கொட்டுவார்கள். அந்தப் பட்டை ஒருமுறை மரத்தில் ஏறிவிட்டால் ஜீரோ பேப்பர் போட்டுத்தான் எடுக்கவேண்டும். பேப்பர் போட்ட பலகை பழைய பலகையாக இருக்காது.

பலகை கெட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம், கை கெட்டால்தான் கஷ்டம். பவுடர் மிதக்கும் போர்டில் எப்படித் தட்டினாலும் காய் குழிவரை போய்ச் சேரும். எந்தத் தூரத்துக்கு எவ்வளவு விசை என்று விரல் கற்றுக்கொள்ளாது. மெல்ல அனுப்பிக் குழி வாயில் நிறுத்துவது, எதிராளியின் காயை மறைத்து வைப்பது, நீள ஓட்டத்துக்குப் பின் ஸ்டிரைக்கரை நடுவில் நிற்கவைப்பது, இதெல்லாம் வரவே வராது. நடுவராக உட்கார்ந்த காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊரில் யாரும் தோற்கடிக்க முடியாதவன் என்று அழைத்து வருவார்கள். துடைத்த போர்டில் அவனுடைய காயெல்லாம் குழிக்கு நான்கு விரல் முன்னால் நின்றுவிடும். போர்டு சரியில்லை என்று அவன் அழுவான். அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் மேல்தான் எனக்குக் கோபம் வரும்.

நான் செய்கிற முறையை எழுதுகிறேன், அப்படியே பிள்ளைகளுக்குக் காட்டு. பழைய வேட்டித் துணி, பலமுறை துவைத்து மெத்தென்று ஆனது, இரண்டு துண்டு எடுத்துக்கொள். ஒன்று துடைக்க, ஒன்று பவுடருக்கு. இரண்டையும் மாற்றக்கூடாது. போர்டை எடுத்ததும் முதல் துணியால், மர ரேகை ஓடும் திசையிலேயே நீளமாகத் துடை. மூலைக் குழிகளையும் ஓரக்கட்டையின் அடியையும் விரலில் துணி சுற்றித் துடை. தண்ணீர் கூடாது. எண்ணெய், மண்ணெண்ணெய், மெழுகு எதுவும் கூடாது. காய்களைக் காய்ந்த துணியில் ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் தேய்த்து எடு. பலகையை மட்டும் துடைத்துவிட்டுக் காயை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். காயின் அடியில் அப்பியிருக்கும் பழைய பவுடர்தான் பாதித் தொல்லைக்குக் காரணம். பிறகு இரண்டாவது துணியில் கொஞ்சம் பொடியைப் போட்டு இறுக்க முடிச்சுப் போடு. அந்த முடிச்சால் நடு வட்டத்தில் ஒருமுறை, நான்கு பேஸ் லைன் பக்கம் ஒவ்வொரு முறை தட்டு. நெய்த இழை வழியாக நைசான பொடி மட்டும் இறங்கும், கட்டி உள்ளே தங்கிவிடும். எல்லாக் காய்களையும் பலகையில் பரப்பி, உள்ளங்கையால் வட்டமாக ஓட்டு. கடைசியில் முதல் துணியால் ஒரே ஒரு முறை லேசாக இழுத்துவிடு. உள்ளங்கையைப் பலகையில் வைத்து எடுத்துப் பார். கையில் வெள்ளை தெரியக்கூடாது, வழவழப்பு தெரியவேண்டும். ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் சதுரப் பலகைக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் செலவாகியிருக்காது.

வியர்க்கிற விரலுக்கு என்ன செய்வது என்று கேட்பாய். முடிச்சை விரல் நுனியால் ஒருமுறை தொட்டுக்கொள்ளலாம், அது போதும்.

உன் அப்பாவும் நானும் இளவட்டமாக இருந்தபோது போரிக் பவுடர் வாங்க மன்றத்தில் காசு இருக்காது. மன்றம் என்றால் கூரைக் கொட்டகை, ஒரு போர்டு, செய்தித்தாள் போடும் பெஞ்சு, அவ்வளவுதான். சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கம் சேகோ பாக்டரியில் வேலை பார்த்த ஒரு கூட்டாளி வாரக் கடைசியில் வரும்போது மரவள்ளி ஸ்டார்ச் மாவைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவான். மாசி, பங்குனியில் அந்த மாவில் ஆட்டம் அருமையாக இருக்கும். போரிக் அளவுக்கு வேகம் கிடைக்காது, ஆனால் அடித்த விசைக்குச் சரியாகக் காய் போகும். உன் அப்பாவின் மெல்லிய கை அந்த மாவில் பழகிய கை. ஐப்பசி பிறந்தால் கதை மாறிவிடும். மாவு ஈரத்தை உறிஞ்சிக் களியாகும், பலகையில் திட்டுத் திட்டாக ஒட்டும். எறும்பும் வெள்ளிப்பூச்சியும் வந்துவிடும். கரும்பு அரவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வண்டி ஓட்டி வருகிறவர்கள் இரவில் ஆட வந்து நிற்பார்கள். ஈர போர்டைத் துடைத்துத் துடைத்து எங்களுக்குத் தோள் வலிக்கும்.

போர்டின் ஓரக்கட்டை ஒருமுறை மழையில் வாயைப் பிளந்தது. மரச்சிற்பம் செதுக்கும் ஆசாரி ஒருவர் அதை இழைத்துப் பொருத்திக் கொடுத்தார். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் இழைத்த அந்தக் கட்டைதான். சாமி சிலைக்குக் கொடுக்கிற அதே கவனத்தோடு, கட்டையின் உட்பக்கம் நான்கும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று கண்ணை மூடித் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த போர்டில் ரீபவுண்ட் அடித்தால் கணக்குத் தப்பியதே கிடையாது. காசு வாங்க மறுத்துவிட்டார். ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனார்.

மழையை எப்படிச் சமாளித்தோம் என்றால், குண்டு பல்பால்தான். இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நீயாவது கேள். போர்டுக்கு மேல் தகர மூடி போட்ட 100 வாட் குண்டு பல்பு தொங்கும். வெளிச்சத்துக்கு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். குண்டு பல்பு இழுக்கிற மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது. அந்த வெப்பம்தான் பலகையை உலர்த்திக்கொண்டே இருந்தது. ஒட்டுப்பலகை ஈரத்தைக் குடித்தால் அதன் மேல்தோலில் இருக்கிற நார் எழும்பிவிடும், காய் இழுக்கும். மழை நாளில் ஆட்டத்துக்கு அரை மணி முன்பே விளக்கைப் போட்டுவிடுவோம். இன்று எல்லா மன்றத்திலும் 9 வாட் எல்.இ.டி. மாட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது, மின்கட்டணமும் குறைவு. ஆனால் பலகை உலர்வதில்லை. போர்டு இழுக்கிறது என்று பவுடரைக் கொட்டுகிறார்கள். இந்தப் பவுடர் வெறிக்குப் பாதிக் காரணம் விளக்கு மாறியதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பலகையில் ஈரம் இருக்கும்போது பவுடர் மருந்தாகாது. முதலில் ஈரத்தை எடுக்கவேண்டும்.

வெள்ளிமலை இரண்டாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஊர். கச்சிராயபாளையத்தில் காய்ந்து கிடக்கும் நாளிலும் மேலே மேகம் வகுப்பறைக்குள் வரும். அங்கே கீழ்நாட்டு முறை அப்படியே செல்லாது. குண்டு பல்பு இன்னும் எலெக்ட்ரிக் கடைகளில் கிடைக்கிறது. பள்ளியில் அனுமதி வாங்கி ஒன்று மாட்டு. தகர மூடி கட்டாயம் வேண்டும், பிள்ளைகளின் தலை படாத உயரத்தில், உறுதியான ஹோல்டரில் இருக்கவேண்டும், ஆட்டம் முடிந்ததும் அணைத்துவிடவேண்டும். அது முடியாது என்றால் காலை இளவெயிலில் போர்டைப் பத்து நிமிடம் காட்டி எடு. உச்சி வெயிலில் வைத்தால் பலகை வளைந்துவிடும். இன்னொரு படத்தில் போர்டைத் தாழ்வாரச் சுவரில் சரிவாகச் சாய்த்து வைத்திருக்கிறீர்கள். மாதக்கணக்கில் அப்படி நின்றால் நடுவில் தொய்யும். படுக்கையாக, தரையிலிருந்து எழுப்பி, பெஞ்சின் மேல் வை. மேலே துணி போட்டு மூடு. எந்தப் பிள்ளையும் அதன்மேல் உட்காரக்கூடாது, புத்தகமூட்டை வைக்கக்கூடாது. தொய்ந்த பலகைக்கு எந்தப் பொடியும் உதவாது.

கையேட்டில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் இன்னொன்று இருக்கிறது. இதில் எனக்குக் கோபம் இல்லை, கவலைதான். போரிக் பொடி உணவில் சேரக்கூடாத பொருள். எறும்புக்கும் கரப்பானுக்கும் வைப்பது அதுதான். ஐரோப்பிய ஒன்றியம் அதை இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யக்கூடிய பொருள் என்று வகைப்படுத்தி, 2010-ல் மிகக் கவனம் தேவைப்படும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே கேரம் ஆடுகிறவர்கள் பலர் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சுக்கு மாறியிருக்கிறார்கள். உன் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள், மணி அடித்ததும் தட்டோடு ஓடுகிறவர்கள். கையால்தான் சாப்பிடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் காயை எண்ணி டப்பாவில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே தட்டைத் தொடவேண்டும் என்று ஒரு விதி வை. பவுடரைப் பிளாஸ்டிக் கவரில் வைக்காதே. பார்க்க உப்பு, மாவு போலிருக்கும். மூடி இறுக்கமான டப்பாவில், பெயர் எழுதி ஒட்டி, சமையலறைப் பக்கமே போகாதபடி உன் பீரோவில் பூட்டி வை. ஊதிப் பரப்பும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்து. கோடைக்காலத்தில், மலையிலேயே விளைகிற மரவள்ளியின் ஸ்டார்ச்சை வைத்து ஆடவிட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பங்குனியிலிருந்து ஆனிவரை அது போதும். சிறுபிள்ளைகள் அதிலேயே பழகட்டும். மழைக்காலத்துக்கு மட்டும் போரிக், அதுவும் முடிச்சு வழியாக.

திட்டுவதற்கு மட்டும் எழுதவில்லை, பாப்பா. பதினொன்றாம் பக்கத்தை நான் உன் பெரியம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். நகத்தைப் பற்றி நீ எழுதிய பக்கம். கிழங்கு தோண்டியும் களை பறித்தும் நகம் பிளந்த பிள்ளைகளுக்கு ஆள்காட்டி விரலால் அடிப்பது வலிக்கும், அந்த வலிக்குப் பயந்து அவர்கள் ஸ்டிரைக்கரைத் தள்ளுகிறார்கள், தள்ளினால் நடுவர் மைனஸ் கொடுப்பார், ஆகவே அவர்களுக்கு நடுவிரலைப் பழக்கினேன், நகத்தால் அடிக்காமல் விரலின் சதைப்பக்கம் படும்படி ஆள்காட்டி விரலை மேலே வைத்து விடச்சொன்னேன் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறாய். ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்துப் பார்த்தவள்தான் இதை எழுத முடியும். எத்தனையோ பயிற்சிக் கையேடு படித்திருக்கிறேன், நகத்தைப் பற்றி ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை. தள்ளுகிற பிள்ளையை "தள்ளாதே" என்று அதட்டியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். ஏன் தள்ளுகிறது என்று கேட்டவள் நீ. இந்த ஒரு பக்கத்துக்காக உன் கையேட்டை மாவட்டத்தில் இருக்கிற எல்லா உடற்கல்வி ஆசிரியருக்கும் கொடுக்கலாம். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

முன்னட்டையில் மரிய இருதயம், இளவழகி, காசிமா பெயர்களைப் போட்டிருக்கிறாய். சரியான பெயர்கள். மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்றார், 1996-ல் அர்ஜுனா விருது பெற்றார். இளவழகி 2008-ல் பிரான்சில் வென்றார். காசிமா 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் எடுத்தார். அகில உலகக் கேரம் கூட்டமைப்பே 1988-ல் சென்னையில்தான் தொடங்கியது. இளவழகியும் காசிமாவும் வடசென்னையின் குறுகலான தெருக்களிலிருந்து வந்தவர்கள். ஆட்டம் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது, பார்த்துக் கற்க ஆள் இருக்கிறது. உன் பிள்ளைகளுக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை. நீ ஒரு சொல் தவறாகச் சொன்னால் திருத்த அங்கே யாரும் கிடையாது. நான் இவ்வளவு கடுமையாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

பள்ளி போர்டு எவ்வளவு கனமான பலகை என்று எழுதவில்லை. ஆறு மில்லிமீட்டர் பலகையாக இருந்தால் அடியில் குறுக்குச் சட்டம் எத்தனை இருக்கிறது என்று கவிழ்த்துப் பார்த்துச் சொல். ரசமட்டம் ஒன்றும், துவைத்த வேட்டித் துண்டு சிலவும் வியாழக்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். ரசமட்டத்தை போர்டின் இரண்டு மூலைவிட்டத்திலும் வைத்துப் பார். குமிழ் நடுவில் நிற்காவிட்டால் ஸ்டூலின் காலுக்கு அட்டை கொடு, பலகைக்கு அடியில் கொடுக்காதே. பிள்ளைகளின் ஸ்டிரைக்கர்களை அடுத்த முறை கீழே வரும்போது கச்சிராயபாளையத்தில் ஏதாவது நகைக்கடைத் தராசில் எடைபோட்டு எழுதி அனுப்பு. 15 கிராமுக்கு மேல் இருக்கிற ஒன்றையும் பழக்கத்துக்குக்கூடக் கொடுக்காதே. அதற்குப் பதில் வேறு வாங்க நான் ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா
கள்ளக்குறிச்சி